அடியிலிருந்து வந்த ஊசி

இதைப் படித்துவிட்டு "சும்மா கதை விடுறா" என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. வாய் நீளம், அதை ஒப்புக்கொள்கிறேன். ரொட்டிக் கடையில் வருஷக்கணக்காக நின்றவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்? ஆனால் பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாரு" என்று விரட்டுகிற ஆள் நான். அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இப்போதும் பகலில் அப்படித்தான் இருக்கிறேன். ராத்திரியில் முடிவதில்லை.

என் பெயர் சம்ஃபீரா. மர லாரி ஓட்டுகிற கிரிகோரேயின் இரண்டாவது மனைவி. முதல் மனைவி டோம்னிக்கா நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, புக்கோவினா மலையடிவாரத்தில் இருக்கிற அவர் வீட்டுக்கு வாழ வந்தேன். வீட்டில் ஒரு பெண் குழந்தை. கத்திங்கா, ஆறு வயது. என்னைச் "சித்தி" என்பாள். அதுவும் ஏதாவது வேண்டுமென்றால்தான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அவள் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட மாட்டாளா என்று நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. முழங்கால் வரை பனி விழுகிற ஊர். எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டிலில் ஆட்டு ரோமம் அடைத்துத் தைத்த மெத்தைப் போர்வை கிடக்கும். ஒரு ஆள் கனம் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. குழந்தை ஒரு நைந்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு தூங்குவாள். பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். கிரிகோரேயிடம் கேட்டால், "அவளுக்குப் பழகிடுச்சு, விடு" என்பார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து லாரியைத் துடைக்கப் போய்விடுவார்.

அவர் விட்டாலும் ஊர் விடுமா? பால் ஊற்றப் போன இடத்தில் ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். "சித்தி வந்தாச்சு, பிள்ளைக்குப் போர்வைகூட இல்லாம போச்சு." எனக்குச் சுருக்கென்றது. "உன் வீட்டுப் பிள்ளை மூக்கை முதல்ல துடைச்சு விடு" என்று கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வழியெல்லாம் அழுதேன். கத்திங்காவின் கட்டிலுக்கு நானே ஒரு போர்வை தைத்துப் போடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

பரணில் ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே ரோமம் இருப்பது தொட்டாலே தெரிந்தது. ஆனால் சாக்கின் வாயை யாரோ தைத்திருந்தார்கள். சாதாரணத் தையல் இல்லை. மேலே போய்க் கீழே வந்து, மறுபடி குறுக்கே போய்... அவிழ்க்கவே முடியவில்லை. கத்தியால் அறுத்தேன். உள்ளே பால் மாதிரி வெள்ளை ரோமம். துவைத்து, காயவைத்து, சுத்தமாக. இவ்வளவு நல்ல ரோமத்தைப் பரணில் போட்டுவிட்டுப் பிள்ளையைக் குளிரில் போட்டாளா டோம்னிக்கா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ரோமத்தைச் சீவிப் பஞ்சாக்க ஒரு வாரம் ஆனது. சந்தையில் நீலத் துணி எடுத்து வந்தேன். கிரிகோரே வெள்ளிக்கிழமை காலை மரம் ஏற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். அவர் வருவதற்குள் தைத்துக் கட்டிலில் விரித்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் சனிக்கிழமை உட்கார்ந்தேன்.

மெத்தைப் போர்வை தைப்பது எப்படி என்று சொன்னால்தான் நடந்தது புரியும். இடுப்பு உயரத்துக்கு ஒரு மரச் சட்டத்தைத் தூக்கி நிறுத்துவோம். அதில் கீழ்த் துணியை இழுத்துக் கட்டி, மேலே ரோமத்தைப் பரப்பி, அதன்மேல் மேல் துணியைப் போட்டு மூடுவோம். விரல் நீள ஊசி. மேலே இருந்து குத்தினால் கீழே போகும். கீழே ஒரு கை அதை வாங்கி மறுபடி மேலே தள்ளும். ஓரங்களை ஒரு ஆளே தைத்துவிடலாம். நடுப்பகுதிக்குக் கை எட்டாது. அதற்குச் சட்டத்துக்கு அடியில் தரையில் இன்னொருத்தர் உட்கார்ந்து ஊசியை வாங்கித் தள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டிலிருக்கிற பரஸ்கீவாவைத்தான் நம்பியிருந்தேன். கிரிகோரேயின் அக்கா. மதியம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏடி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இன்னிக்கு என்ன நாளு?"

"சனிக்கிழமை, அண்ணி."

"செத்தவங்க சனிக்கிழமைடி! ஊரே கோதுமை வேகவச்சு கோயில்ல கொடுத்துட்டு வருது. இன்னிக்குப் போய் ஊசி எடுப்பியா? செத்தவங்க கண்ணுல குத்தும்."

"செத்தவங்களுக்குக் குளிராது. இவளுக்குக் குளிருது."

"வாய், வாய்... இந்த வாய்க்குத்தான் உன்னை யாரும் கட்டாம வச்சிருந்தாங்க."

"உங்க தம்பி கட்டினாரே. கீழ உக்காந்து ஊசி தள்ளித் தர முடியுமா, முடியாதா?"

அவர் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். கத்திங்கா அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "கண்ணு, அத்தைக்கு இந்தக் கோதுமைக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா" என்றேன். வழக்கம்போல் பதில் இல்லை. சரி, போகிறபோது போகட்டும் என்று ஊசியில் நூல் கோத்தேன்.

ஓரங்கள் நாலும் முடிந்தன. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோயில் மணி நாலு அடித்தது. இனி நடுப்பகுதி. ஊசியைக் குத்துவேன், குனிந்து சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து போவேன், ஊசியை மேலே தள்ளுவேன், தவழ்ந்து வெளியே வருவேன். மிச்சத் துணி நாலு பக்கமும் தரை வரை தொங்கியதால் அடியில் கூடாரம் மாதிரி இருட்டு. இடுப்பு ஒடிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தைத்தேன்.

அப்புறம்... ஊசியைக் குத்தினேன். குனியப் போனேன்.

அதற்குள் ஊசி மேலே வந்தது.

நுனி முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு மெதுவாக, பாதி ஊசி. நின்றது. அடுப்புப் பக்கம் திரும்பினேன். கத்திங்கா அங்கே இல்லை.

என் நெஞ்சு நிறைந்துபோனது. பொய் சொல்ல மாட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பிடிவாதக்காரி, நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறாள்! எட்டிப் பார்த்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுவாளோ என்று பயந்து, நான் பார்க்கவில்லை.

"அடி கெட்டிக்காரி" என்றேன். "எங்க, இன்னொண்ணு தள்ளு பார்ப்போம்."

ஊசியைக் குத்தினேன். வந்தது.

குத்தினேன். வந்தது.

கோணல்மாணலாகத்தான் வந்தது. நான் கோடு போட்ட இடத்தில் ஒன்றுகூட வரவில்லை. குழந்தைதானே, போகட்டும் என்று விட்டேன். ஒரு தடவை ஊசியை வாங்கும்போது துணி வழியாக விரல் நுனி என் விரலில் பட்டது. சின்ன விரல். "கை ஏன்டி இப்படி ஜில்லுன்னு இருக்கு? முடிச்சிட்டுப் பால் காய்ச்சித் தர்றேன்." பதில் இல்லை. அவள் எப்போது பதில் சொன்னாள்?

போகப் போக வேகம் கூடியது. நான் குத்தி முடிக்கும் முன்பே ஊசி திரும்பி வந்தது. பிறகு ஊசி இல்லாத இடத்திலும் துணி எழும்ப ஆரம்பித்தது. ஒரு சின்னப் புடைப்பு. எழும்பும், அடங்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"விளையாடாதடி, துணி கிழிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டே அதை உள்ளங்கையால் அமுக்கினேன். அது எதிர்த்துத் தள்ளியது. நான் அமுக்கினேன். அடங்கியது.

கடைசி முடிச்சையும் போட்டு நூலை அறுத்தேன். மணி ஐந்தடித்தது. "முடிஞ்சுது, வா வெளிய, உன் போர்வையைப் பாரு."

அப்போது வாசல் கதவு திறந்தது.

கத்திங்கா உள்ளே வந்தாள். தொப்பியெல்லாம் பனி. கையில் காலிக் கிண்ணம்.

"எங்கடி போயிருந்தே?"

"அத்தை வீட்டுக்கு. நீங்கதான சொன்னீங்க."

"எப்பப் போனே?"

"நீங்க நூல் கோக்கறப்பவே."

சட்டத்தைப் பார்த்தேன். தொங்குகிற துணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கதவு திறந்த காற்று என்று சொல்லிக்கொண்டேன். துணியைத் தூக்கிக் குனிந்து பார்த்தேன்.

யாரும் இல்லை.

நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. பயந்தாலும் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. இடது கை தானாக வேலை செய்திருக்கும், அசதியில் தெரியவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நடுப்பகுதிக்கு என் கை எட்டாது என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். போர்வையைச் சட்டத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தேன். அதற்கு மேல் யோசிக்க நேரமும் இல்லை. பனியில் நடந்து வந்த கத்திங்காவுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது.

இருட்டுவதற்குள் அனலாகிவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் இருப்பது டவுனில். ரோட்டைப் பனி மூடியிருந்தது. ஓடிப்போய்ப் பரஸ்கீவாவைக் கூட்டி வந்தேன். பூண்டும் பிளம் சாராயமும் எடுத்துக்கொண்டு வந்தார். சாராயத்தைக் குழந்தையின் நெஞ்சில் தேய்த்தார்.

"இதுக்கு ஒரே வழிதான். வேர்க்கணும். புதுப் போர்வையைக் கொண்டா."

"அண்ணி, ஏற்கெனவே கொதிக்குது..."

"கொதிக்கிறதாலதான்டி! எங்க அம்மா எங்களுக்கெல்லாம் இப்படித்தான் பண்ணாங்க. கழுத்து வரைக்கும் மூடு. நீ அந்தப் பக்கம் ஓரத்தைப் பிடி, நான் இந்தப் பக்கம். காத்து போகக்கூடாது. உதறுவா, திமிறுவா, விட்டுறாத. திமிறத் திமிறக் காய்ச்சல் இறங்கும்."

எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். எனக்கும் சின்ன வயதில் செய்திருக்கிறார்கள். பிள்ளை பிழைத்தால் போதும் என்று இருந்தது. போர்வையை மூடினேன். ஓரத்தில் கையை ஊன்றினேன். அவர் மறுபக்கம் ஊன்றினார். அவர் உதடு ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குழந்தை முனகினாள். மூச்சு வேகமாக வந்தது. போர்வையின் நடுவில் ஒரு புடைப்பு எழும்பியது.

"பாத்தியா? ஆரம்பிச்சிடுச்சு. அமுக்கு."

அமுக்கினேன்.

எழும்பியது. அமுக்கினேன்.

அந்தப் புடைப்பு... எனக்கு அந்த அளவு தெரியும். அந்தத் தள்ளலும் தெரியும். சாயங்காலம் தைக்கும்போது என் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது அதுதான்.

"கத்திங்கா" என்றேன். கழுத்துப் பக்கமாகப் போர்வைக்குள் கையை விட்டு அவள் கையைத் தேடினேன். கிடைத்தது. தாடைக்கு அடியில், இரண்டு கையையும் சேர்த்து மடக்கி வைத்திருந்தாள். இரண்டையும் என் ஒரு கையில் பிடித்தேன். அனலாகக் கொதித்தன.

இரண்டு கையும் என்னிடம் இருந்தன.

போர்வையின் நடுவில் இரண்டு புடைப்புகள் எழும்பின.

இரண்டு சின்னக் கைகள்... விரல் விரித்து... அடியிலிருந்து.

பரஸ்கீவாவைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கை மட்டும் ஓரத்தை விடவில்லை. இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி, விடுங்க."

"விடக்கூடாது..." குரல் அவர் குரலாகவே இல்லை. "விடியற வரைக்கும்..."

"விடுங்கன்னா!"

அவரை நெட்டித் தள்ளினேன். போர்வையை இழுத்துத் தரையில் வீசினேன். உள்ளே கத்திங்கா மட்டும்தான். உதடு நீலமாகியிருந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்ததும், தண்ணீரில் மூழ்கி எழுந்தவள் மாதிரி ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஓவென்று அழுதேன்.

பரஸ்கீவா மேல்கோட்டைக்கூட எடுக்காமல் பனியில் இறங்கி ஓடினார்.

ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். போர்வை தரையில் கிடந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. விடிகிற நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. கத்திங்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சித்தி... அவ வெளிய வந்துட்டாளா?"

"யாரு கண்ணு?"

தூங்கிப்போனாள்.

விடிந்ததும் போர்வையை இழுத்துக்கொண்டு போய் வேலியில் போட்டேன். மத்தியானம் கிரிகோரேயின் லாரி வந்தது. மனுஷன் இறங்கினார், வேலியைப் பார்த்தார், அங்கேயே நின்றுவிட்டார். நான் வெளியே போனேன்.

"ரோமம் எங்க எடுத்தே?"

"பரண்ல. சாக்குல தைச்சு வச்சிருந்துச்சு."

லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததை எல்லாம் நானே சொன்னேன். சொல்லச் சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

"கத்திங்காவுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா" என்றார். "சஃப்தா. அஞ்சு வயசு."

எனக்கு யாரும் சொன்னதில்லை. ஊரில் ஒரு வாய்கூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"குளிர்காலம். காய்ச்சல். நான் லாரியில போயிருந்தேன். டோம்னிக்கா ஒரு பக்கம் பிடிச்சா. அக்கா ஒரு பக்கம் பிடிச்சா. ராத்திரி முழுக்க அவ தள்ளிக்கிட்டே இருந்தாளாம். காய்ச்சல் இறங்குதுன்னு நினைச்சு, இவங்க விடல. விடியற நேரத்துல அடங்கிட்டாளாம். தூங்கிட்டான்னு சந்தோஷப்பட்டாங்களாம்."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"காய்ச்சல்ல போயிட்டான்னு அக்கா இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கா. பாவம், அதை நம்பினாத்தான் அவளால சாப்பிட முடியும். நான் வந்துதான் பிள்ளையைக் குளிப்பாட்டினேன். போர்வையோட உள்பக்கத் துணி கிழிஞ்சிருந்துச்சு, சம்ஃபீரா. அவ நகத்துக்குள்ள எல்லாம் ரோமம்."

அந்த வாரமே டோம்னிக்கா போர்வையைப் பிரித்து, ரோமத்தைத் துவைத்து, சாக்கில் போட்டுத் தைத்தாளாம். அதன்பிறகு அந்த வீட்டுக்குள் கனமான போர்வை எதையும் அவள் விட்டதே இல்லை. பிள்ளையைக் குளிரில் போட்டவள் என்று நான் மனசுக்குள் திட்டியது அவளைத்தான்.

கல்லறைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம் என்று கிரிகோரே போர்வையைச் சுருட்டினார். லாரியிலிருந்து கயிறு எடுத்தார்.

"கட்டாதீங்க" என்றேன்.

கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். நான் போட்ட தையலை ஒரு ஓரம் முழுக்க அறுத்து, வாயை விரித்து விட்டேன். அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு போனோம்.

தங்கச்சிக்கு அதே கதி வரக்கூடாது என்று ஊசியைத் திருப்பித் திருப்பித் தள்ளினாளா? இல்லை, அந்த ராத்திரியிலிருந்து இன்னும் வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தாளா? எனக்குத் தெரியாது. பாதிரியாரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அவள் அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். நானோ, கெட்டிக்காரி, இன்னும் தள்ளு என்று கொஞ்சிக்கொண்டே, மறுபடியும் அவளை உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.